கொசு பழகவில்லை: பரிணாமப் பாடத்தைத் திருப்பிப் படிக்க ஒரு வழி

"இந்தக் கொசுவர்த்திக்கெல்லாம் கொசு பழகிடுச்சு சார்." பரிணாமப் பாடம் தொடங்கும் நாளில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. வீட்டில் சொல்வார்கள், கடைக்காரர் சொல்வார், செய்தியிலும் இப்படித்தான் வரும். இந்த ஒரு வாக்கியத்தில் என்ன பிழை என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. அது தெரியாமல் எத்தனை பக்கம் மனப்பாடம் செய்தாலும், தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் தடுமாற்றம்தான்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் சொல்லித்தருகிறேன். பரிணாமமும் சிற்றினத் (ஸ்பீஷீஸ்) தோற்றமும் வரும் வாரத்தில் பாடப்புத்தகத்தின் வரிசையை நான் பின்பற்றுவதில்லை. பூமி தோன்றியதில் தொடங்கி, ஆதாரங்களைச் சொல்லி, லாமார்க், டார்வின் என்று நடந்து, கடைசியில்தான் சிற்றினத்துக்கு வருவது புத்தக வழக்கம். முதல் முறை படிக்க அது சரி. திருப்பிப் படிக்கும்போது தூக்கம் வரும். கீழே இருப்பது என் வரிசை. இரண்டு மாலைப்பொழுது, ஒரு நோட்டு, ஒரே அளவில் இரண்டு நிற மணிகள் கொஞ்சம், ஒரு துணிப்பை. இவ்வளவு போதும்.

இலங்கைப் பாடநூலில் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: இங்கே நான் பரிணாமம் என்பது உங்கள் கூர்ப்பு, சிற்றினம் என்பது உங்கள் இனம், இனக்கூட்டம் என்பது உங்கள் குடித்தொகை.

முதல் படி: எழுவாயை மாற்றுங்கள்

"கொசு பழகியது" என்ற வாக்கியத்தின் எழுவாய் ஒரு கொசு. ஆனால் எந்தத் தனிக் கொசுவும் பழகவில்லை. கொசுவர்த்தியில் இருப்பது பைரித்ராய்டு வகை ரசாயனம். அது கொசுவின் நரம்புச் செல்லில் சோடியம் போய்வரும் வாயிலைத் தாக்குகிறது. ஏதோ சில கொசுக்களில் அந்த வாயிலுக்கான மரபணு, ஒரு சடுதிமாற்றத்தால், சற்று வேறுபட்டு அமைந்திருக்கும். மருந்து அங்கே சரியாக ஒட்டாது. புகை வந்தபோது மற்றவை செத்தன, இவை பிழைத்து முட்டையிட்டன. அடுத்த தலைமுறையில் இந்த வகை கூடுதல். அதற்கடுத்ததில் இன்னும் கூடுதல். மாறியது கொசு அல்ல, கொசுக் கூட்டத்தில் எந்த வகை எத்தனை என்ற விகிதம்.

நோட்டில் முதல் வேலையாக இதை எழுதுங்கள்: "தனி உயிரி பரிணமிப்பதில்லை. இனக்கூட்டம்தான் பரிணமிக்கிறது." பிறகு, வழக்கமாகக் கேட்கும் தவறான வாக்கியங்கள் ஐந்தைப் பிடித்து வந்து, எழுவாயை மாற்றித் திருத்தி எழுதுங்கள். ஒன்றை நான் தருகிறேன். "இங்கிலாந்தில் தொழிற்சாலைப் புகை படிந்து விட்டில்கள் கறுப்பாயின." விடைத்தாள்களில் இது நிறைய வரும். உண்மையில் கறுப்பு விட்டில் முன்பே இருந்தது, மிக அரிதாக. மான்செஸ்டர் பக்கம் 1848-ல் ஒன்று பதிவாகியிருக்கிறது. மரப்பட்டைகளில் கரி படிந்தபின் வெளிர் விட்டில் பறவைகளின் கண்ணில் பளிச்சென்று பட்டது, கறுப்பு தப்பியது. 1895 வாக்கில் அந்த வட்டாரத்தில் 98 விழுக்காடு கறுப்பு. 1956-ல் தூயகாற்றுச் சட்டம் வந்து புகை குறைந்தபின் வெளிர் வகை மறுபடி பெருகியது. புகை யாருக்கும் சாயம் பூசவில்லை. பறவைக்கு எது தெரிகிறது என்பதைத்தான் மாற்றியது.

எந்த எடுத்துக்காட்டு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். கூட்டத்துக்குள் வேறுபாடு ஏற்கெனவே இருந்ததா? அது பிள்ளைகளுக்குப் போகுமா? அதனால் சிலருக்குக் கூடுதல் வாரிசு, சிலருக்குக் குறைவு என்று ஆனதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது இயற்கைத் தேர்வு. உடற்பயிற்சியால் வந்த புஜம் இரண்டாம் கேள்வியில் விழுந்துவிடும். வாழ்நாளில் உடல் பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்கு இறங்கும் என்ற லாமார்க்கையும் அங்கேயே முடித்துவிடலாம். அவரைக் கிண்டல் செய்யாமல் முடியுங்கள். 1809-லேயே, உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று துணிந்து சொன்னவர் அவர். எப்படி மாறுகின்றன என்பதில்தான் வழி தவறியது.

நம் மொழியே காலை வாரும் இரண்டு இடங்களையும் இப்போதே பார்த்துவிடுவோம். ஒன்று, "பரிணாம வளர்ச்சி". வளர்ச்சி என்றதும் கீழிருந்து மேலே ஏறுவது போல மனதில் படம் விழுகிறது. குகைமீன் கண்ணை இழந்ததும் பரிணாமம்தான். பரிணாமம் என்று மட்டும் எழுதிப் பழகுங்கள். இரண்டாவது, "வல்லவன் வாழ்வான்". டார்வின் பெயரில் சுற்றும் இந்தக் கருத்துக்கு மூலமான ஆங்கிலத் தொடரை உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், டார்வின் அதைப் பிறகுதான் எடுத்துக்கொண்டார். அதிலும் வலிமை என்ற பேச்சே இல்லை. தக்கன பிழைத்தல் என்பதே நெருக்கமான தமிழ். எதற்குத் தக்கது? அந்த இடத்துக்கு, அந்தப் பருவத்துக்கு. அதற்கு மேல் எதுவும் இல்லை.

இரண்டாம் படி: ஒரே ஒரு கதையை முழுதாகப் படியுங்கள்

பத்து எடுத்துக்காட்டுகளை ஆளுக்கு ஒரு வரியாகப் படிப்பதைவிட, ஒன்றை முழுமையாகத் தெரிந்துவைப்பது நல்லது. நான் எடுப்பது காலபாகஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கும் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவு. ஆள் வசிக்காத எரிமலைப் பாறை. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற கணவன் மனைவி 1973 முதல் பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் அங்கே போய், ஒவ்வொரு குருவியையும் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டார்கள். தீவு சிறியதாக இருந்ததால்தான் அது முடிந்தது.

அங்கே நடுத்தர அலகுள்ள தரைக் குருவி ஒன்று உண்டு. விதை தின்னி. 1977-ல் மழை பொய்த்தது. சிறு விதைகள் முதலில் தீர்ந்துபோயின. மிஞ்சியவற்றில் முக்கியமானது ஒரு முள் விதை. நம் ஊர் ஒற்றையடிப் பாதையில் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும் நெருஞ்சி இருக்கிறதே, அதே பேரினத்து (நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பு) செடியின் காய் அது. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். ஆண்டு முடிவதற்குள் இந்தக் குருவிகளில் ஏறக்குறைய 85 விழுக்காடு செத்துப்போயின. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் முன்பிருந்த கூட்டத்தைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல்.

இது வரை தேர்வு. பரிணாமம் என்று சொல்ல அடுத்த தலைமுறையையும் பார்க்க வேண்டும். அலகின் தடிமன் பெற்றோரிடமிருந்து வலுவாக இறங்கும் பண்பு என்பது அவர்கள் அளவுகளிலேயே தெரிந்தது. 1978-ல் பொரித்த குஞ்சுகளும் வளர்ந்து தடித்த அலகோடுதான் நின்றன. தேர்வுக்கும் பரிணாமத்துக்கும் இடையில் இருக்கும் இந்த ஒரு படியை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலோர் மதிப்பெண் இழக்கிறார்கள். செத்தது யார் என்பது தேர்வு, பிறந்தது எப்படி என்பது பரிணாமம்.

கதை அங்கே நின்றிருந்தால் "குருவி முன்னேறியது" என்று நினைக்கத் தோன்றும். 1983-ல் எல் நினோவால் பேய்மழை. தீவு முழுக்கக் கொடி படர்ந்து சிறு விதைகள் குவிந்தன. அதற்குப் பின் வந்த வறட்சியில் சிறிய அலகுக்காரர்களே நன்றாகப் பிழைத்தார்கள். தேர்வு திசை திரும்பியது. இன்னும் ஒரு திருப்பம். 1982-ல் பெரிய அலகுள்ள வேறொரு குருவி அந்தத் தீவில் குடியேறிப் பெருகத் தொடங்கியது. 2004 வறட்சியில் முள் விதைகளை அந்தப் பெரியவர்களே தின்று தீர்த்தார்கள். பழைய குருவிகளில் தடித்த அலகுக்காரர்கள் பட்டினி கிடந்தார்கள், சிறிய அலகு ஜெயித்தது. 1977-ல் எது பலமோ 2004-ல் அதுவே பாரம். தகுதி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

ஒரு சிறு பின்குறிப்பு. டார்வின் 1835-ல் காலபாகஸில் குருவி அலகைப் பார்த்த கணத்தில் எல்லாம் பளிச்சிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. எந்தக் குருவி எந்தத் தீவில் கிடைத்தது என்று அவர் ஒழுங்காகக் குறித்துக்கூட வைக்கவில்லை. லண்டன் திரும்பியபின், 1837-ல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர்தான் அவை தனித்தனி இனங்கள் என்று சொன்னார். பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்தவர் ஒருவர், பெயரிட்டவர் இன்னொருவர்.

மூன்றாம் படி: மணிகளை எடுங்கள்

எல்லா மாற்றமும் தேர்வால் வருவதில்லை. இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், பிடிபடாது. விளையாடித்தான் ஆக வேண்டும்.

பையில் 5 சிவப்பு, 5 வெள்ளை மணி போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்து, மறுபடி உள்ளே போட்டுக் குலுக்குங்கள். பத்து முறை. வந்த கணக்குதான் அடுத்த தலைமுறை. 6 சிவப்பு, 4 வெள்ளை என்று வந்திருந்தால் பையை அப்படியே மாற்றி அடுக்கிக்கொண்டு மீண்டும் பத்து முறை. சில சுற்றிலேயே முடியலாம், இருபது தாண்டியும் போகலாம். சராசரியாகப் பதினான்கு சுற்றில் ஒரு நிறம் முற்றிலும் காணாமல் போகும். எந்த நிறத்துக்கும் எந்த நன்மையும் இல்லை, வெறும் அதிர்ஷ்டம். இதுதான் மரபியல் நகர்வு, ஜெனிடிக் டிரிஃப்ட். 40 மணிகளோடு ஆடினால் சராசரியாக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். கூட்டம் சிறிதானால் நகர்வின் கை ஓங்கும் என்பதை அதற்குப் பின் யாரும் மறக்கமாட்டார்கள்.

ஒரே அளவு மணி என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் ஆண்டு நான் சமையலறையிலிருந்து கொண்டைக்கடலை எடுத்துப்போனேன், கறுப்பும் வெள்ளையும். ஒரு பெண்ணின் பையில் மட்டும் வெள்ளையே வந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கடலை பெரிது, விரலுக்கு முதலில் தட்டுப்படுகிறது. "சார், இது நகர்வு இல்லை, தேர்வு" என்று அவளே சொன்னாள். அன்றைய வகுப்பில் நான் கற்றுக்கொண்டது அது.

இப்போது பக்கத்துப் பையிலிருந்து நாலு மணியை எடுத்து உங்கள் பையில் போட்டால் அது மரபணு ஓட்டம், ஜீன் ஃப்ளோ. நகர்வு, ஓட்டம் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். நான் சொல்லும் குறுக்குவழி: ஓட்டத்துக்கு இரண்டு பை வேண்டும், நகர்வுக்கு ஒன்றே போதும். பச்சை மணி ஒன்று திடீரென்று தோன்றினால் அது சடுதிமாற்றம். புதுச் சரக்கு வருவது அந்த வழியில் மட்டும்தான். மற்றவை எல்லாம் இருப்பதைக் கலைத்து அடுக்குபவை.

ஹார்டி-வீன்பெர்க் கணக்கை இந்த இடத்தில் வைத்தால் அது அச்சுறுத்தாது. எதுவுமே நடக்காத பையின் கணக்கு அது. சடுதிமாற்றம் இல்லை, வரத்துப் போக்கு இல்லை, தேர்வு இல்லை, துணையைத் தேர்ந்தெடுப்பதில் பாகுபாடு இல்லை, கூட்டமோ மிகப் பெரிது. அப்படியானால் அல்லீல்களின், அதாவது ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களின், விகிதம் தலைமுறை தோறும் மாறாது. 1908-ல் இதைத் தனித்தனியாக எழுதிய இருவரில் ஹார்டி என்பவர், பின்னாளில் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே கணித மேதைதான். தன் கணிதம் எதற்கும் பயன்படாது என்று பெருமைப்பட்டவரின் பெயர் இன்று உலகெங்கும் உயிரியல் வினாத்தாளில் இருக்கிறது.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 10,000 பேரில் 4 பேருக்கு ஓர் ஒடுங்கு பண்பு நோய், அதாவது அந்த அல்லீல் இரண்டு பிரதி இருந்தால் மட்டும் வரும் நோய். ஒடுங்கு அல்லீலின் விகிதம் q, மற்றதன் விகிதம் p. q² = 0.0004, ஆகவே q = 0.02, p = 0.98. நோயில்லாமல் அந்த அல்லீலைச் சுமப்பவர்கள் 2pq = 0.0392. அதாவது 392 பேர். நோயாளி 4, சுமப்பவர் 392. ஒடுங்கு அல்லீலைத் தேர்வால் ஒழித்துக்கட்டுவது ஏன் கடினம் என்பதற்கு விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

சமநிலை கலையும் இடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கதிர் அரிவாள் இரத்தச்சோகையை வைத்துக்கொள்ளுங்கள். அந்த அல்லீல் இரண்டு பிரதி இருந்தால் நோய். ஒன்று மட்டும் இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து பெருமளவு காப்பு. அதனால் மலேரியா மிகுந்த நிலங்களில் அது அழியாமல் நிற்கிறது. இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

நான்காம் படி: சிற்றினம் எது என்று முடிவு செய்யுங்கள்

1942-ல் எர்ன்ஸ்ட் மேயர் என்ற பரிணாம உயிரியலாளர் கொடுத்த வரையறையைத்தான் வினாத்தாள் கேட்கும். இயற்கையில் தமக்குள் இனக்கலப்பு செய்து, வளமுள்ள வாரிசைப் பெறும், மற்ற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க முறையில் விலகி நிற்கும் கூட்டம். "வளமுள்ள" என்பதை அடிக்கோடிடுங்கள். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. அது நன்றாக உழைக்கும், ஆனால் அதற்குப் பெரும்பாலும் குட்டி கிடையாது. "இயற்கையில்" என்பதற்கும் ஒரு கோடு. விலங்குக் காட்சிசாலைக் கூண்டில் சிங்கமும் புலியும் சேர்ந்து குட்டி போட்டது இதில் கணக்கில் வராது.

இந்த வரையறையின் ஓட்டைகளைச் சொல்லித்தராமல் விடுவது ஏமாற்று வேலை என்பது என் கருத்து. பாக்டீரியா இணைசேர்வதில்லை. புதைபடிவத்திடம் கேட்க வழியில்லை. திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி வளையமாக வாழும் பச்சைநிற இலைக்கதிர்க்குருவிகள் இன்னொரு சிக்கல். பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஆனால் வளையத்தின் இரு முனைகளும் சைபீரியாவில் சந்திக்கும்போது பாட்டு வேறுபட்டு, ஒன்றையொன்று துணையாக ஏற்பதில்லை. எங்கே கோடு போடுவது? கோடு நம்முடையது, குருவியுடையது அல்ல.

விலகல் எப்படி என்பதற்கு மழைக்காலக் குளக்கரைக்குப் போய் நின்றால் போதும். நாலைந்து வகைத் தவளை ஒரே நீரில் கத்தும். ஒவ்வொரு பெண்ணும் தன் இனத்து ஆணின் குரலுக்குத்தான் போகும். இது கரு உருவாகும் முன் விழும் தடை. பூக்கும் காலம் வேறு, வாழிடம் வேறு, உறுப்பு பொருந்தாமை, விந்துவை முட்டை ஏற்காமை எல்லாம் இந்தப் பக்கம். கரு கலைவதும், கோவேறு கழுதையைப் போல் மலடாவதும் அந்தப் பக்கம்.

ஐந்தாம் படி: கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ஒரு ரயில்

புதுச் சிற்றினம் பிறக்கும் வழிகளில் முதலில் புவியியல் பிரிவு. புத்தகம் கிராண்ட் கேன்யன் அணிலைக் காட்டும். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போயிருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கிறோம் என்ற உணர்வே வராது. ஏற்றமில்லை, சுரங்கப்பாதை இல்லை. வலப்பக்கம் வடக்கே நீலகிரி வரிசை, இடப்பக்கம் தெற்கே ஆனைமலை வரிசை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்நிலம், பாலக்காட்டுக் கணவாய். நமக்கு அது வழி. ஆயிரம் மீட்டருக்கு மேல், குளிர்ந்த சோலைக்காட்டின் இருட்டில் தரையோடு தரையாக வாழும் சிறு பறவைக்கு அது கடல். மலை உச்சிகள் ஒவ்வொன்றும் ஒரு தீவு.

சோலைக்கிளி என்று ஒரு பறவை. பெயரைப் பார்த்துப் பச்சைக்கிளி என்று நினைக்க வேண்டாம். மலையாளத்தில் கிளி என்றால் சிறு பறவை எதற்கும் பொருந்தும். நீலகிரிப் பக்கத்துச் சோலைக்கிளிக்கு விலாவில் செம்பழுப்பு. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இருப்பதற்கு விலாவில் நீலச் சாம்பல், வயிறு வெள்ளை. நெடுங்காலம் இவை ஒரே சிற்றினத்தின் இரு உள்வகைகள் என்றே கருதப்பட்டன. வி.வி.ராபினும் சக ஆய்வாளர்களும் மரபணு, பாட்டு, உடல் அளவு மூன்றையும் ஒப்பிட்டு 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இவற்றுக்குத் தனிப் பேரினமே வகுத்தார்கள். அதே ஆய்வில், இன்னும் தெற்கே, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிய அகத்தியமலைப் பக்கத்தில் வாழ்வது மூன்றாவது சிற்றினம் என்று பெயர் பெற்றது. அதே மலைகளில் சிரிப்பான் என்ற பறவைகளும் பாணாசுரம், நீலகிரி, பழனி, அகத்தியமலை என்று நான்காகப் பிரிந்து நிற்கின்றன. வெவ்வேறு பறவைகள், ஆனால் பெரிய பிரிவுகள் விழுந்தது அதே இரண்டு கணவாய்களில். கத்தி எது என்று அதிலேயே தெரிகிறது.

நோட்டில் இதை மூன்றாம் படியின் மொழியில் எழுதுங்கள். ஒரு பை இரண்டாகக் கிழிந்தது, மரபணு ஓட்டம் நின்றது. இரு பக்கமும் தனித்தனிச் சடுதிமாற்றம், தனித்தனி நகர்வு, தனித்தனித் தேர்வு. நாளாக ஆக இரண்டும் வேறு. இதைப் பழைய பாடத்தோடு இணைத்துவிட்டீர்கள் என்றால் சிற்றினத் தோற்றம் புதுப் பாடமே அல்ல.

உடனே ஒரு எதிர்க்கேள்வியும் போட்டுக்கொள்ளுங்கள். வரையாடு கணவாயின் இரு பக்கமும் இருக்கிறது, அது ஏன் இன்னும் ஒரே சிற்றினம்? ஒரே தடை எல்லா உயிருக்கும் ஒரே அளவு தடை அல்ல. எத்தனை காலம் பிரிந்திருந்தன, இடையில் யார் கடந்தார்கள், தலைமுறை எவ்வளவு வேகமாகப் புரள்கிறது, இவை அனைத்தும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

ஆறாம் படி: மலை இல்லாமலும் பிரியும்

பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் விளைந்த கருங்கண்ணி நாட்டுப் பருத்தி. அதன் குரோமோசோம் 26. இன்று எங்கும் காணும் அமெரிக்கப் பருத்திக்கு 52. எப்படி வந்தது இரட்டிப்பு? பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன், நம் நாட்டுப் பருத்திக்கு உறவான ஆப்பிரிக்க-ஆசிய வகை ஒன்றும் அமெரிக்கக் கண்டத்து வகை ஒன்றும் கலந்தன. கலப்பில் குரோமோசோம்கள் இரட்டித்தன. அந்தச் செடி அன்றிலிருந்தே தனி.

ஏன் தனி என்பதைக் கணக்காகவே பாருங்கள். கருங்கண்ணியின் இனச்செல்லில் 13, அமெரிக்கப் பருத்தியின் இனச்செல்லில் 26. சேர்ந்தால் 39. இனச்செல் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். இங்கே 13 ஜோடி சேரும், 13 தனியாகத் தவிக்கும். செடி வளரும், பெரும்பாலும் மலடு. வாழைப்பழத்தில் விதை இல்லாததும் இதே கதைதான். நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவற்றில் 33 குரோமோசோம், மூன்று தொகுதி. ஆக, மலை வேண்டாம், பல்லாயிரம் ஆண்டு வேண்டாம், ஒரு குரோமோசோம் இரட்டிப்பே வேலியாகிவிடும். விலங்குகளில் இது அரிது, தாவரங்களில் சாதாரணம். கோதுமையும் இந்த வழி வந்ததுதான்.

அமெரிக்காவில் காட்டுப்பழம் ஒன்றில் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழ ஈ, 19-ஆம் நூற்றாண்டில் ஆப்பிளுக்குத் தாவி, இரண்டு பழமும் கனியும் காலம் வேறு என்பதால் பிரியத் தொடங்கியிருப்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது நம் குட்டித் தீவுக்குத் திரும்புவோம். 1981-ல் டாஃப்னிக்கு வெளியூர்க் குருவி ஒன்று வந்தது. ஆண், உடல் பெரிது, பாட்டு வேறு. 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பன்யோலா தீவிலிருந்து வந்தது என்பது பிறகு மரபணுவில் தெரிந்தது. உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்து குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் அப்பனின் பாட்டைக் கற்றன. அந்தப் பாட்டையும் அந்த அலகையும் உள்ளூர்ப் பெண்கள் ஏற்கவில்லை, ஆகவே வம்சம் தனக்குள்ளேயே இணைசேரத் தொடங்கியது. சில தலைமுறைக்குள் தனிக் கூட்டம். அதற்கு இன்னும் சிற்றினப் பெயர் சூட்டப்படவில்லை. மேயரின் வரையறையை அதன்மேல் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ஏழாம் படி: ஆதாரங்கள், விரைவாக

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் அதிகம் படிக்கிறார்கள், எனக்கு இதில் சொல்ல அதிகமில்லை. மனிதக் கை, வௌவால் சிறகு, திமிங்கலத் துடுப்பு: எலும்பு அடுக்கு ஒன்று, வேலை வேறு, அமைப்பு ஒத்தவை. வௌவால் சிறகு, தும்பிச் சிறகு: வேலை ஒன்று, அமைப்பு வேறு, செயல் ஒத்தவை. வௌவால் இரண்டு பட்டியலிலும் வருவதைக் கண்டு பதற வேண்டாம். கேள்வி எதனோடு ஒப்பிடுகிறது என்று பாருங்கள்.

புதைபடிவத்தில், ஊர்வனவுக்கும் பறவைக்கும் இடைப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸோடு, மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட டிக்டாலிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீனிலிருந்து நான்கு கால் விலங்குகள் பிரிந்த காலத்துப் பாறை, அதுவும் ஆழமற்ற ஓடை படிந்த பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று வரைபடத்தில் தேடி, கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போய், பல பருவம் வெறுங்கையோடு திரும்பி, 2004-ல் எடுத்தார்கள். வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. செதிளும் துடுப்பும் மீனுடையவை, கழுத்தும் துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பும் மீனுக்கு இல்லாதவை. இன்ன பாறையில் இன்னது கிடைக்கும் என்று சொல்லிவைத்துப் போய் எடுத்தது என்பதே இதன் சிறப்பு.

கிளை மரப் படத்தைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. "மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" இதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லலாம். உங்கள் பெரியப்பா மகன் உங்களுக்கு அப்பா அல்ல. இருவருக்கும் தாத்தா ஒருவர். சிம்பன்சிக்கும் நமக்கும் அந்தத் தாத்தா சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரு கூட்டம். மரப்படத்தில் வலது ஓரத்தில் மனிதன் இருப்பதற்கும் பொருள் இல்லை. கிளைகளைக் கணுவில் பிடித்துத் திருப்பினால் மனிதன் நடுவிலும் வருவான், உறவு மாறாது. நோட்டில் ஒரே மரத்தை மூன்று விதமாகத் திருப்பி வரைந்து பாருங்கள்.

இரண்டாம் மாலையின் முடிவில் என் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்வி கொடுத்து அனுப்புவேன். விடையை ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும், முதல் படியின் எழுவாய் விதியை மீறக்கூடாது. பருவநிலை குளிர்ந்து, செங்கோட்டைக் கணவாய் முழுக்கச் சோலைக்காடு வளர்ந்து, இருபுறச் சோலைக்கிளிகளும் நடுவில் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஒத்துப்போனால் என்ன ஆகும்? ஒத்துப்போகாவிட்டால்? கலந்து பிறந்த குஞ்சு பிழைத்தும் அதற்கு மட்டும் துணை கிடைக்கவில்லை என்றால்?